கோடி போகும் ஏரியும் குழித்தறி உடம்பும்

தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த சிதைந்த கல் ஒன்றில் கி.பி. 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. குளம் ஒன்று வெட்டப்பட்டதையும், அதற்கு 'அவனிநாரணம்' என்று பெயர் சூட்டியதையும், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் காவலில் அதை விட்டதையும் அந்தக் கல் சொல்கிறது. அவனிநாரணன் என்பது பல்லவ அரசன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்றால் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். பாண்டியப் படையை அவன் முறியடித்த தெள்ளாறுதான் வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கும் இன்றைய தெள்ளார்.

போரால் பெயர் பெற்ற அரசனைக் கடல் தாண்டிப் போன தமிழ் வணிகர்கள் ஒரு குளத்தில் நினைத்துக்கொண்டார்கள். பிழைக்கப் போன மண்ணிலும் ஊர் என்று ஒன்று அமைய நின்ற தண்ணீர் வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இயல்பாகவே இருந்திருக்கும். அவர்கள் அறிந்த பல்லவ நாடு அப்படிப்பட்டது. மாமண்டூரின் சித்திரமேகத் தடாகம், மகேந்திரவாடி ஏரி, உத்திரமேரூரின் வயிரமேகத் தடாகம், காவேரிப்பாக்கம் ஏரி என்று தொண்டை மண்டலத்தின் வரைபடமே ஏரிகளால் ஆனது. செய்யாறும் பாலாறும் ஆண்டில் சில வாரங்கள் ஓடிவிட்டு மற்ற மாதங்களில் மணலாகக் கிடக்கும் பூமி இது. இங்கே ஒரு பிள்ளை தன் வாழ்நாளில் முதன்முதலாகப் பார்க்கும் பெரிய தண்ணீர், அநேகமாக ஊர் ஏரியாகத்தான் இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த ஏரி நிரம்பி வழிந்தால் 'ஏரி கோடி போகுது' என்பார்கள். அந்தச் சேதி தெருவுக்குத் தெரு பரவிய பின் நடப்பதைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். ஏரி நீர் பாயும் ஆயக்கட்டில் ஒரு காணி நிலம்கூட இல்லாதவர்கள், மிகுநீர் வழியும் கலங்கலைப் பார்க்கக் கிளம்புவார்கள். தறியை நிறுத்திவிட்டு வருவார்கள், கடையைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு வருவார்கள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார்கள். சிலர் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைப்பார்கள், பூ தூவுவார்கள். பலர் சும்மா நிற்பார்கள். அங்கே செய்வதற்கு வேலை இல்லை, வாங்கவும் விற்கவும் ஒன்றும் இல்லை. தண்ணீர் போவதைப் பார்ப்பது மட்டும்தான் காரியம். வீட்டில் மூன்று மாத வட்டி பாக்கி இருப்பவரும் அந்தக் கொஞ்ச நேரம் அதை மறந்து நிற்பார்.

நிலமில்லாத அந்த மனிதருக்கு ஏரி தருவது என்ன? அதை நம் அரசுப் பதிவேடுகளில் எழுத இடமே இல்லை. ஏரிக்குக் கொள்ளளவு எழுதுகிறோம், கரை நீளம் எழுதுகிறோம், மதகுகளை எண்ணுகிறோம், ஆயக்கட்டை ஏக்கரில் எழுதுகிறோம். நம் ஏரிகள் இவ்வளவு எளிதாகக் கைவிடப்படுவதற்கு இந்த விடுபடலும் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு மதகைத் திறக்கும் தேவை குறைந்துபோனது. பாசனம்தான் ஏரியின் ஒரே பயன் என்றால், பாசனம் குறைந்த அன்றே ஏரி வெற்று நிலமாகிவிடுகிறது. பேருந்து நிலையத்துக்கு இடம் தேடினாலும் குப்பை கொட்ட இடம் தேடினாலும் கண் முதலில் அங்கேதான் போகிறது. ஒன்றிய ஜல்சக்தி அமைச்சகம் 2023-இல் வெளியிட்ட நீர்நிலைகளின் முதல் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 1,06,957 நீர்நிலைகள். ஆக்கிரமிப்புக்கு உள்ளானவற்றில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம் நமக்கு: 8,366. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இலேயே தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது.

தண்ணீரைப் பார்ப்பதால் மனத்துக்கு என்ன ஆகிறது என்பதை அளக்கும் ஆய்வுகள் கடந்த 40 ஆண்டுகளில் நிறைய வந்துவிட்டன. 1984-இல் ரோஜர் உல்ரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர், பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்கள். அவர்களுக்குக் கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. அது மரம். தண்ணீருக்கு வருவோம். 2010-இல் இங்கிலாந்தின் மேத்யூ ஒயிட் குழு 120 படங்களை மக்களிடம் காட்டி மதிப்பிடச் சொன்னது. கட்டடங்கள் நிறைந்த காட்சியிலும் கொஞ்சம் தண்ணீர் இருந்தால், பசுமையான காட்சிக்கு நிகராக மக்கள் அதற்கு மதிப்புக் கொடுத்தார்கள். 2016-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் வீட்டிலிருந்து பார்த்தால் தண்ணீர் அதிகம் தெரியும் பகுதிகளில் மன உளைச்சல் குறைவாக இருந்தது. பசுமை தெரிவதற்கு அப்படியொரு தொடர்பு அங்கே கிடைக்கவில்லை என்பதுதான் அந்த ஆய்வில் என்னை நிறுத்திய செய்தி.

இதைக் கண்மூடி நம்பச் சொல்லவில்லை. 2017-இல் மீரெயா காஸ்கோன் குழு இத்தகைய 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தண்ணீருக்கு அருகில் வாழ்வது மனநலத்துக்கும் உடலசைவுக்கும் நல்லது என்பதற்கு ஓரளவு ஒத்த சான்றுகள் கிடைத்தன. உடல் பருமன் முதலானவற்றில் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஆய்வுகள் பெரும்பாலும் செல்வ நாடுகளில் நடந்தவை. கடற்கரை வீடு வாங்க முடிந்தவருக்கு ஏற்கெனவே உடம்பும் மனமும் நன்றாகத்தான் இருக்கும் என்ற கேள்வியும் நியாயமானது. அதையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சுவது குறைவில்லை. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் எடுத்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று, வாரத்துக்கு 120 நிமிடம் இயற்கையின் நடுவே கழிப்பவர்கள் தங்கள் உடல்நிலை நன்றாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு கூடுதல் என்றது. மொத்தமாகக் கழித்தாலும் சிறிது சிறிதாகக் கழித்தாலும் பலன் ஒன்றே.

ரேச்சல் காப்லான், ஸ்டீபன் காப்லான் என்ற உளவியலாளர்கள் இதற்குச் சொன்ன விளக்கம் எனக்கு நெருக்கமானது, காரணம் அதில் நம் நெசவாளர் தெரிகிறார். கவனத்தில் இரண்டு வகை உண்டு என்கிறார்கள். வலிந்து செலுத்தும் கவனம் ஒன்று, அது களைத்துப்போகும். தானாகப் போய் ஒன்றில் அமரும் கவனம் இன்னொன்று. அந்த நேரத்தில் முதலாவது இளைப்பாறும். அலை, நீரில் ஆடும் வெயில், நாரை இறங்குவது, இவற்றைப் பார்க்க யாரும் முயற்சி செய்ய வேண்டியதில்லை.

இப்போது ஆரணிப் பட்டுக்குத் தறி போடும் வீட்டுக்குள் வாருங்கள். ஆரணி, ஒண்ணுபுரம், தேவிகாபுரம், முள்ளிப்பட்டு என்று இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க அப்படிப்பட்ட வீடுகள் உண்டு. குழித்தறியில் கால் இரண்டும் பள்ளத்துக்குள். மிதியை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். கை நாடாவை விட வேண்டும். கண் பாவை விட்டு அகலக்கூடாது. ஓர் இழை அறுந்தது தெரியாமல் நான்கு விரற்கடை ஓட்டிவிட்டால் கூலியில் பிடித்தம். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரும். முதுகு வளைந்தே இருக்கும். இடுப்பு, முழங்கால், கழுத்து, கண் என்று நாற்பது வயதுக்குள் வலி வந்து குடியேறாத நெசவாளரைப் பார்ப்பது அரிது. உடம்பு அசையாத வேலை என்று இதைச் சொல்ல முடியாது. ஒரே அசைவைப் பல்லாயிரம் தரம் செய்யும் வேலை. மனமும் அப்படித்தான் அதே இழையில் கட்டுண்டு கிடக்கிறது. அதன் மேல் ஜரிகை விலை, முதலாளியிடம் வாங்கிய முன்பணம், விசைத்தறிச் சேலையின் போட்டி. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறித் தறி நின்றுவிடும். ஏரியை நிரப்பும் அதே மழை இவருடைய வருமானத்தை நிறுத்தும். அப்படியிருந்தும் கோடி பார்க்க முதலில் போய் நிற்பவர்களில் அவரும் ஒருவர்.

அந்த உடம்புக்குத் தண்ணீர் செய்வதைச் சொல்ல உளவியல்கூட வேண்டாம், பௌதிகம் போதும். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால்கள் தாங்கும் எடை ஏறக்குறையப் பாதியாகிவிடும். கழுத்தளவு தண்ணீரில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். தேய்ந்த முழங்காலை வலியில்லாமல் மடக்கி நீட்ட இதைவிட மலிவான வழி கிடையாது. நகரத்து இயன்முறை மருத்துவமனைகளில் இதற்கென்றே தொட்டி கட்டிப் பணம் வாங்குகிறார்கள். குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்தினால் இதயத் துடிப்பு மெதுவாகும். மூழ்கும் பாலூட்டிகளுக்கெல்லாம் பொதுவான அனிச்சைச் செயல் அது. நீச்சலில் முதுகும் தோளும் தறியில் வளைந்ததற்கு எதிர்ப்பக்கம் விரிகின்றன. கத்திரி வெயிலில் ஓட்டு வீடும் தகர வீடும் தகிக்கும்போது தண்ணீர் உள்ள ஏரிக்கரையில் மாலைக் காற்று குளிர்ந்து வருகிறது. நீரிழிவும் ரத்த அழுத்தமும் சோதிக்கப்பட்டு 'தினமும் நடங்க' என்ற அறிவுரையோடு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து திரும்பும் அம்மா எங்கே நடப்பார்? லாரி போகும் நெடுஞ்சாலை ஓரத்திலா? சிறிய ஊர்களில் பூங்கா கிடையாது. இருப்பது ஏரிக்கரை ஒன்றுதான்.

ஆனால் அந்தக் கரை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பேசாமல் இதையெல்லாம் சொல்வது நேர்மையாகாது. சீமைக்கருவேலம் மண்டிய கரையில் பகலிலேயே நடக்கப் பயப்பட வேண்டியிருக்கிறது. படித்துறைகள் இடிந்து முள் மூடிக் கிடக்கின்றன. சாக்கடை விழுந்து ஆகாயத்தாமரை படர்ந்த ஏரி யாருக்கும் ஆறுதல் தராது, கொசுவைத்தான் தரும். பட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கச்சாப் பட்டின் பசையை நீக்க சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்த நீரும், சாயம் தோய்த்த நீரும் எங்கேயோ போய்த்தானே ஆக வேண்டும். ஆரணியைத் தொட்டு ஓடும் கமண்டல நாகநதியில் ஊர்க் கழிவும் சாயக் கழிவும் கலப்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் புகார். நெசவுக்கு நிறம் கொடுத்த தண்ணீரே நெசவாளரின் பிள்ளை குளிக்க முடியாத தண்ணீராகிறது. இதற்குச் சிறு சாயப்பட்டறைக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டித் தராமல் அவரிடம் அபராதம் மட்டும் கேட்பது எளிய வழி.

ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிலத்தைத் தோண்டிப் போட்டபோது, அங்கேயே வாழ்ந்தவர்களிடம் ஒரு விதத் துயரத்தை கிளென் ஆல்பிரெக்ட் என்ற அறிஞர் கண்டார். ஊரை விட்டுப் போகாமலேயே ஊரை இழந்தவர்களின் துயரம் அது. நீந்திக் கற்ற ஏரியில் குப்பை எரிவதைப் பார்த்தபடி கடந்துபோகும் நம் பெரியவர்களுக்கு அந்தத் துயரத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். 2021-இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு 30,000-க்கும் மேற்பட்டவர்கள். விடுமுறை நாளில் குளிக்கப் போன பிள்ளைகள் என்று தொடங்கும் செய்தி நம் நாளிதழ்களில் வராத கோடை இல்லை. பல இடங்களில் அந்தச் சாவுக்குக் காரணம் ஏரி அல்ல. அதில் செங்குத்தாகத் தோண்டி மண் அள்ளிய பள்ளம். முட்டியளவு நீரில் நடக்கும் பிள்ளை அடுத்த அடியில் இருபது அடிப் பள்ளத்தில் விழுகிறது. ஏரியைத் தூர்வாருவது வேறு, லாரிக்கு வசதியான இடத்தில் மட்டும் குழி தோண்டுவது வேறு. இரண்டையும் ஒரே பெயரில் அனுமதிப்பது கொலைக்கு வழிவிடுவதுதான். இந்தக் கோபத்தை நான் அடக்கிக்கொள்ளப் போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஏரிக்கரை எல்லோருக்கும் ஆறுதலாக ஒரு காலத்திலும் இருந்ததில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாத் நகரில் சௌதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க அம்பேத்கர் பெரும் கூட்டத்தையே திரட்டிப் போக வேண்டியிருந்தது. நம் ஊர்களிலும் துறைகள் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்தன. சில இடங்களில் அந்த நினைவு இன்னும் மறையவில்லை. பெண்கள் விடியுமுன் குளித்துவிட்டு ஓட வேண்டியிருந்தது. மாலையில் கரையில் உட்கார்ந்து பேசுவது ஆண்களுக்கு மட்டுமான சுகமாக இருந்தது. இன்றும் பல ஊர்களில் அப்படித்தான். 'அந்தக் காலத்து ஏரி' என்று ஏங்குகிறவர்கள் யாருடைய ஏரி அது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். மீட்க வேண்டியது பழைய ஏரியை அல்ல, எல்லோரும் இறங்கக்கூடிய ஏரியை.

தண்ணீரும் மனநோயும் நம் மரபில் அருகருகே இருந்தவைதான். திருச்சி அருகே காவிரிக் கரையின் குணசீலம் கோயிலில் மனநலம் குன்றியவர்களை 48 நாள் தங்கவைத்து, முகத்தில் தீர்த்தம் தெளிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இன்று அங்கே உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. இந்தச் சேர்க்கை சரியானது. நிமான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் பலவகை மனநோய்களுக்கு 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை என்றது. அந்த இடைவெளியை ஏரி நிரப்பாது. தூக்கமில்லாமல், சாவை நினைத்துக்கொண்டிருப்பவருக்கு மருத்துவர் வேண்டும். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி நாள் முழுவதும் கிடைக்கிறது. ஏரிக்கரை அதற்கு முந்தைய படி. களைப்பு நோயாக மாறுமுன் இளைப்பாற ஓர் இடம்.

நல்ல உதாரணம் தேடித் தொலைவு போக வேண்டாம். வந்தவாசிக்குக் கிழக்கே வேடந்தாங்கல் இருக்கிறது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று கண்ட ஊர் மக்கள், பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-இல் ஆங்கிலேய ஆட்சியரிடம் கேட்டு உரிமை வாங்கினார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். பாசனமும் பறவையும் மனமகிழ்ச்சியும் ஒரே ஏரியில் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு 200 ஆண்டுச் சான்று அங்கே இருக்கிறது. எதிர் உதாரணங்களும் கண்ணெதிரே இருக்கின்றன. 'அழகுபடுத்துதல்' என்ற பெயரில் நகரங்களில் ஏரியின் உட்பக்கம் மண் கொட்டி நடைபாதை போடுகிறார்கள், கரைச் சரிவைக் கான்கிரீட்டால் மூடுகிறார்கள், வேலி போட்டு நுழைவுக் கட்டணம் வைக்கிறார்கள். வண்ண விளக்கு எரிகிறது. வரத்துக்கால்வாயில் சாக்கடை ஓடுகிறது. தெள்ளாருக்கு அது வேண்டாம்.

இங்கே வேண்டியது குறைவான செலவில் ஆகக்கூடியது. குடிமராமத்து என்று 2017-இல் மீண்டும் தொடங்கிய பணிகளில் கரையை உயர்த்தினோம், மதகைப் புதுப்பித்தோம். அதே மதிப்பீட்டில் படித்துறை ஒன்றைச் சேர்க்க எவ்வளவு ஆகிவிடும்? பெண்களுக்குத் தனியாக ஒரு துறை, முதியவர் கைபிடித்து இறங்க ஒரு சரிவு, பிள்ளைகள் நீந்த ஆழம் அளந்து எல்லைக்கல் நட்ட ஓர் ஓரம், உட்கார நான்கு கல்பலகை. ஊரக வேலைத் திட்டத்தில் ஏரிக்கு வரும் பெண்களைக் கொண்டே கரையின் வெளிச்சரிவில் பனையும், கீழே புங்கனும் நாவலும் நீர்மருதும் வைக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் வரத்துக்கால்வாயைச் சரிசெய்ய வேண்டும். தண்ணீரே வராத ஏரிக்குப் படித்துறை எதற்கு?

இதைக் கேட்கும் உரிமை யாருக்கு என்பதில்தான் சிக்கல். 2000-ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி அமையும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களுக்கானவை. தறிக்காரருக்கும், வந்தவாசியில் கோரைப்பாய் நெய்பவருக்கும், கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் அங்கே குரல் இல்லை. உத்திரமேரூரின் 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் பேசும் ஏரி வாரியத்திலும் நிலமுள்ளவர்களே இருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் நாம் பழைமையைத் தாண்டிப் போகலாம். அக்டோபர் 2 கிராம சபை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது. வரத்துக்கால்வாய் அளவீடு, படித்துறை, மண் அள்ளிய பள்ளங்களைச் சமன்செய்வது, கழிவு விழும் இடங்களின் பட்டியல் ஆகிய நான்கையும் தெள்ளார் ஒன்றியத்தின் ஊராட்சிகள் அன்று தீர்மானமாக எழுதலாம். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவர ஆயக்கட்டில் நிலம் தேவையில்லை. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.